கடல் மூடும் ஞாயிறு

அந்தக் கடல் ஞாயிற்றுக்கிழமை மாலையோடு செத்துப்போகும் என்று அறிவித்துவிட்டார்கள்.

நிஜக் கடல் இல்லை. வீடியோ கேமில் இருக்கிற கடல். அதை நடத்திவந்த கம்பெனி, "ஞாயிறு பொழுது சாய்ந்ததும் இந்தக் கடலை மூடுகிறோம். இதுவரை வந்தவர்களுக்கு நன்றி" என்று திரையில் இரண்டே வரி போட்டது. கடைக்கு ஷட்டர் இறக்குவதுபோல ஒரு கடலுக்கு ஷட்டர்.

நெட்டைக்கு வயிறு எரிந்தது. பதினோரு வயதிலேயே அப்பாவின் தோளை எட்டிவிட்டதால் வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் அவளுக்கு அதுதான் பெயர். வேறு பெயர் ஒன்றும் இருந்தது. அது பள்ளிப் பதிவேட்டில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கடலில் யாரையும் சுட வேண்டாம். ஓட்டப் பந்தயம் இல்லை. மதிப்பெண் கிடையாது. தலையில் இரும்புக் கவசம், காலில் கனத்த பூட்ஸ், நெற்றியில் ஒரு விளக்கு. இவற்றோடு கடலின் அடித்தரையில் நடந்துகொண்டே இருக்கலாம். மூழ்கிய கப்பல்கள், மாடி வீட்டு உயரத்துக்கு வளர்ந்த பாசிக் காடுகள், எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் பள்ளங்கள். எங்கெங்கோ வீடுகளில் உட்கார்ந்து விளையாடுகிறவர்கள் எல்லோரும் அதே கடலில்தான் நடப்பார்கள். தூரத்தில் மின்மினிபோல ஒரு வெளிச்சம் ஊர்ந்தால், அது இன்னொருவருடைய நெற்றி விளக்கு.

விளையாட்டின் முகப்புப் படத்தில் ஒரு கண் மட்டும் இருக்கும். திமிங்கிலத்தின் கண். அந்தத் திமிங்கிலம் இதே கடலில்தான் எங்கோ இருக்கிறது. முழுசாகப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

நெட்டைக்கு வேறு எதுவும் வேண்டாம். கடலை மூடுவதற்குள் அதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

ஆனால் அவள் வீட்டில் நிம்மதியாக ஒரு கேம் விளையாடுவது குதிரைக்குக் கொம்பு முளைக்கிற காரியம்.

அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. மலைபோலக் குவிந்த படுக்கை விரிப்புகளை விடிய விடியத் துவைத்து உலர்த்திவிட்டு, காலையில் வந்து படுப்பாள். படுத்தாலும் கோழித் தூக்கம்தான். குண்டூசி விழுந்தால் எழுந்துவிடுவாள். அதனால் டிவியில் சத்தம் எப்போதும் பூஜ்யம். ஹெட்போன் என்று ஒன்று இருந்தது. அதன் ஒயரைத் தங்கை மென்றுவிட்டாள்.

தங்கைக்கு நாலு வயது. பெயர் மிளகு. ஆள் சிறிசு, காரம் ஜாஸ்தி. "நானும் நானும்" என்று கன்ட்ரோலரைப் பிடுங்குவாள். கடைசியில் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள்: மிளகு பார்க்கலாம், தொடக் கூடாது.

இணையம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கன்ட்ரோலரைத்தான் பொறுக்க முடியாது. பேட்டரி மூடி எப்போதோ தொலைந்துபோனதால் டேப் ஒட்டியிருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சொல்லிவிட்டுத் தீராது. பள்ளத்தின் விளிம்பில் ஒரு காலை வைத்திருக்கும்போது, நல்ல நேரம் பார்த்து, பொசுக்கென்று உயிரை விடும்.

உடனே நெட்டை வீடு முழுக்கப் பேட்டரி வேட்டைக்குக் கிளம்புவாள். அதன் பலன் சுவரெல்லாம் தெரிந்தது. கடிகாரம் நின்று வெகு நாளாகிறது. டிவி ரிமோட்டின் வயிறு காலி. பாட்டுப் பாடுகிற பொம்மைக் கரடி பாடுவதை நிறுத்திவிட்டது.

"என் கரடிக்குத் தொண்ட கட்டிக்கிச்சு" என்று மிளகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நெட்டை வாயே திறக்கவில்லை.

ஞாயிறு மதியம். உள்ளே அம்மா தூங்கினாள். அப்பா நாற்காலியில் சாய்ந்து, முகத்தைச் செய்தித்தாளால் மூடியிருந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். லீவு நாளில் அவர் செய்தித்தாள் படிக்கும் முறை அதுதான்.

அப்பாவின் பழைய போன், திரை விரிசல் விட்டது, பிள்ளைகளிடம் இருந்தது. அதில் கண்ணாடி கூப்பிட்டான். நெட்டையின் வகுப்புத் தோழன். இரண்டு தெரு தள்ளி வீடு. புது கன்ட்ரோலர், சுவர் அகல டிவி, பேசுவதற்கு மைக் வைத்த ஹெட்போன் என்று அவனிடம் எல்லாம் உண்டு. கண்பார்வை மட்டும் குறைச்சல்.

"எங்க இருக்க, நெட்ட?"

"பாசிக் காட்டுக்கு இந்தப் பக்கம்" என்று அவள் கிசுகிசுத்தாள். "நீ?"

"ஒடஞ்ச கப்பல்கிட்ட. ஏ, இன்னிக்குப் பயங்கரக் கூட்டம். எங்க பாத்தாலும் விளக்கு. ஆளாளுக்கு ஒரு மொழியில ஹெட்போன்ல கத்தறாங்க. எல்லாரும் அதத்தான் தேடறாங்க."

"யாராவது பாத்தாங்களா?"

"ஒருத்தன் வால் நுனியப் பாத்தேங்கறான். விளக்கத் திருப்பறதுக்குள்ள போயிடுச்சாம். நீ பாத்த மாதிரிதான் போ. மொதல்ல உன் கன்ட்ரோலர ஆஸ்பத்திரியில சேரு."

"உன் கன்ட்ரோலர் புதுசுடா. மூளதான் பழசு."

சொல்லி வாய் மூடவில்லை. கையிலிருந்த கன்ட்ரோலர் செத்தது.

நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அலமாரியில் தேடினாள், இழுப்பறையில் தேடினாள். ஒன்றும் இல்லை. கடைசியாக அப்பாவின் கருவிப் பை கண்ணில் பட்டது. ஹெல்மெட்டில் மாட்டுகிற அவருடைய விளக்கைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு பேட்டரிகளை உருவிக்கொண்டாள். நாளைக்குத் திருப்பி வைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது டிவி கிட்டத்தட்ட இருட்டாக இருந்தது. அந்த விளையாட்டு அப்படித்தான். கன்ட்ரோலரை யாரும் தொடாவிட்டால் நம் ஆள் மணலில் உட்கார்ந்துவிடுவான். நெற்றி விளக்கு தானாக அணையும். பார்க்கிறவர்கள் டிவியே அணைந்துவிட்டதென்று நினைப்பார்கள்.

மிளகு தரையில் சப்பணமிட்டு, வாயைப் பிளந்தபடி அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பெருசு வந்துச்சு."

"எந்தப் பெருசு?"

"அதான். வயிறு போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு."

"சரி சரி. தள்ளி உக்காரு."

பேட்டரியைப் போட்டதும் விளக்கு எரிந்தது. ஆள் எழுந்தான். அவன் முழங்கால் வரை மணல் ஏறியிருந்தது. பக்கத்திலிருந்த பாசியெல்லாம் சீப்பால் வாரிவிட்டதுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நீரோட்டமாக இருக்கும் என்று நினைத்து நெட்டை நடையைக் கட்டினாள்.

பாசிக் காட்டைக் கடந்தாள். பள்ளத்தைச் சுற்றி வந்தாள். இணையம் ஒரு தடவை போய்விட்டு வந்தது. பக்கத்துக் குகையில் நுழைந்தால் அங்கே ஏற்கெனவே ஏழெட்டு விளக்குகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. சந்தைக்கடை மாதிரி இருந்தது கடல். ஜன்னல் வழியாக வந்த வெயில் மஞ்சளாகி, சுவரில் ஏற ஆரம்பித்தது.

அப்போதுதான் அப்பாவின் போன் அடித்தது. செய்தித்தாள் நழுவ அவர் எழுந்தார்.

"சொல்லுங்க. எந்த பில்டிங்? உள்ள ஆள் இருக்காங்களா?" அவர் குரல் மாறியது. "ஒருத்தர்தானா? இந்தா, வந்துட்டேன்."

சட்டையை மாட்டிக்கொண்டே கருவிப் பையைத் தூக்கினார். ஹெல்மெட் விளக்கை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். எரியவில்லை. தட்டிப் பார்த்தார். திறந்து பார்த்தார்.

"பேட்டரி எங்க போச்சு? முந்தாநாள்தானே போட்டேன்?"

நெட்டையின் கட்டைவிரல் கன்ட்ரோலர்மேல் அப்படியே நின்றது.

"என்னாச்சுப்பா?"

"லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. கரண்டும் இல்லையாம். உள்ள ஒரு அம்மா தனியா மாட்டிக்கிட்டாங்க."

"போன் வெளிச்சம் போதாதா?"

"ரெண்டு கையும் வேலைக்கு வேணும்டி. போன வாயிலயா கவ்விக்க முடியும்? வழியில கடை எதாவது தெறந்திருக்கான்னு பாக்கறேன்."

அப்பாவுக்குத் தெரியாது. சும்மா இருந்துவிட்டால் அவர் போய்விடுவார். நெட்டை திரையைப் பார்த்தாள். அவளுடைய ஆளின் நெற்றி விளக்கு மணலில் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது. அதைத் தாண்டி எல்லாப் பக்கமும் கறுப்பு. லிஃப்டுக்குள் அந்த அம்மாவுக்கு அந்தச் சின்ன வட்டம்கூட இல்லை.

அவள் டேப்பைப் பிய்த்தாள். இரண்டு பேட்டரிகளையும் நீட்டினாள்.

"நாந்தாம்பா எடுத்தேன்."

அப்பா பேட்டரியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "இன்னிக்கோட மூடறாங்கன்னு சொன்னியே?"

"அவங்க இருட்டுல இருக்காங்க இல்ல? போப்பா."

அவர் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. பேட்டரியைப் போட்டு விளக்கை எரியவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, படியில் தடதடவென்று இறங்கினார்.

டிவியில் "கன்ட்ரோலரை இணைக்கவும்" என்று ஒரு கட்டம் வந்தது. கொஞ்ச நேரம் கெஞ்சிவிட்டு மறைந்தது. ஆள் மணலில் உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது.

வீட்டில் இனி ஒரு பேட்டரிகூட இல்லை. தேடுவதற்கும் இடம் இல்லை. நெட்டை டிவியை அணைக்கக் கையை நீட்டினாள்.

"அணைக்காதக்கா!" மிளகு அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இப்பதான் வரும்."

"எதுடி வரும்?"

"பெருசு. நீ பேட்டரி தேடப் போனா வரும். நீ வந்தா போயிடும்."

நெட்டை மெதுவாக உட்கார்ந்தாள். "எத்தன தடவ வந்துச்சு?"

மிளகு இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினாள். போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, ஒரு காலையும் தூக்கினாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நீதான் தள்ளி உக்காருன்ன."

நெட்டைக்குச் சுருக்கென்றது. ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்த பாசி ஞாபகம் வந்தது. முழங்கால் வரை ஏறிய மணல் ஞாபகம் வந்தது. அது நீரோட்டம் இல்லை.

கன்ட்ரோலரைக் கீழே வைக்கிறவர்கள் தண்ணீர் குடிக்கப் போவார்கள். அம்மா கூப்பிட்டால் போவார்கள். பேட்டரி தேடப் போவார்கள். அணைந்த திரையை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? தொடக் கூடாது என்று சட்டம் போடப்பட்ட ஒரு நாலு வயசுக்காரியைத் தவிர?

அவள் கைகளை மடியில் கட்டிக்கொண்டாள். கண் இருட்டுக்குப் பழகியது. முழுக்கக் கறுப்பு என்று நினைத்த இடத்தில் ஒரு நீலம் இருந்தது. நீலத்துக்குள் தூசிபோல ஏதோ மிதந்து இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் நடந்த கடல்தான். ஆனால் தன் விளக்கு காட்டிய வட்டத்தைத் தவிர வேறெதையும் அவள் பார்த்ததே இல்லை.

பாசி அசைந்தது.

நீலத்தின் ஒரு பகுதி நகர்ந்தது. மேகம் நகர்வதுபோல, சத்தமே இல்லாமல், நெட்டையின் தலைக்கு நேராக ஒரு மூக்கு வந்தது.

சட்டென்று வலப் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் பாய்ந்தது. அந்தப் பெரிய உருவம் சுருங்கியது, திரும்பியது, இருட்டோடு இருட்டாகக் கரைந்தது. வாலின் நுனி மட்டும் ஒரு கணம் தெரிந்தது.

போன் அதிர்ந்தது. கண்ணாடி.

"ஏ நெட்ட! உன்னத் தேடித்தான் வந்தேன். உன் ஆளு ஏன் மண்ணுல உக்காந்து தியானம் பண்றான்?"

அவன் விளக்குதான் அது.

நெட்டை யோசித்தாள். இவனிடம் சொன்னால் இவன் ஊருக்கே சொல்லுவான். எல்லோரும் இங்கேயே வந்து குவிவார்கள். சொல்லாவிட்டால் திமிங்கிலம் அவளுக்கும் மிளகுக்கும் மட்டும். இதுவரை யாருமே பார்க்காத ஒன்று, அவர்கள் இருவருக்கு மட்டும்.

பக்கத்தில் மிளகு, "பாவம், விளக்குக்காரன் பாக்கவே இல்ல" என்றாள்.

"டேய், கண்ணாடி" என்றாள் நெட்டை. "கன்ட்ரோலரக் கீழ வை."

"என்னது?"

"கீழ வை. கைய எடு. விளக்கு தானா அணையட்டும். திரைய மட்டும் பாத்துக்கிட்டு இரு."

"லூசா நீ? இன்னும் கொஞ்ச நேரத்துல கடலே இருக்காது. சும்மா உக்காரச் சொல்ற?"

"வெளிச்சம் பட்டா அது ஓடுதுடா. மிளகு எத்தனையோ தடவ பாத்திருக்கா."

"போன வாரம் அவ நிலாவுல பூனையப் பாத்தேன்னா."

"நான் பாத்தேன். இப்ப. உன் விளக்குதான் வெரட்டி விட்டுச்சு."

அந்தப் பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். கன்ட்ரோலர் மேசைமேல் வைக்கப்பட்ட சத்தம். பிறகு கண்ணாடி வேறு யார் யாரிடமோ பேசுவது கேட்டது. அரைகுறை ஆங்கிலம், நடுவில் கெஞ்சல், நடுவில் அதட்டல். அவன் மைக்கில் கடலுக்கே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுடைய விளக்கு முதலில் அணைந்தது.

பின்னால் குகைப் பக்கம் ஒன்று அணைந்தது. இன்னொன்று. பள்ளத்தின் அக்கரையில் சரம்போலத் தெரிந்த வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகக் கண் மூடின. யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ, கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். நெட்டைக்கு அவர்கள் யாரையும் தெரியாது. ஆனால் இப்போது எல்லோரும் அவள் பக்கத்திலேயே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

கடைசி விளக்கும் அணைந்தது.

கடல் தன் நிறத்துக்கு வந்தது. விளக்குகளுக்குப் பயந்து ஒளிந்திருந்ததெல்லாம் மெல்ல ஒளிவிட ஆரம்பித்தது. பாசியின் நுனிகள் பச்சையாக மின்னின. மணலில் கோடு கோடாக ஏதோ ஊர்ந்தது.

அது வந்தது.

இந்தத் தடவை அவசரமில்லாமல் வந்தது. தலை போவதற்கே வெகு நேரம் ஆனது. பிறகு வயிறு. மிளகு சொன்னது சரிதான். வயிறு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. அதில் புள்ளி புள்ளியாக வெளிச்சம், யாரோ ஒரு வானத்தைச் சுருட்டி எடுத்துப்போவதுபோல. மூழ்கிய கப்பல் அதன் அருகே செருப்புப்போலக் கிடந்தது. திரையில் அடங்காமல், டிவிக்கு வெளியிலும் அது நீண்டிருக்கும் என்றுதான் நெட்டை நம்பினாள்.

திமிங்கிலம் திரும்பியது. முகப்புப் படத்தில் பார்த்த அதே கண், திரை முழுக்க வந்து நின்றது. ஒரு தடவை மூடித் திறந்தது.

"பெருசூ!" என்று மிளகு வீடே இடிகிற மாதிரி கத்தினாள்.

அறைக் கதவு படாரென்று திறந்தது. தலைமுடி கலைந்து, கண் சிவந்து, அம்மா நின்றாள்.

"ஒரு மனுஷி தூங்கறதுக்கு..." என்று ஆரம்பித்தவள் திரையைப் பார்த்தாள். சுவரில் கை வைத்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"அது பாடுதா?" என்று கேட்டாள். "வாய் அசையற மாதிரி இருக்கே."

"தெரியலம்மா. நீ தூங்கறேன்னு சத்தம் வைக்கல."

"ஏத்து."

"ரிமோட்ல பேட்டரி இல்ல."

அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய் டிவியின் பின்பக்கம் கையை விட்டு, பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

முதலில் தரைதான் அதை உணர்ந்தது. பிறகு கால். பிறகு நெஞ்சு. பெரிய கப்பலின் சங்குபோல, ஆனால் தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்பதுபோல அவ்வளவு மெதுவாக ஒரு குரல். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

"தட்டட்டும்" என்றாள் அம்மா, கண்ணை எடுக்காமல். "போன வாரம் நான் தூங்கறப்ப டிரில் போட்டாரு இல்ல?"

போனில் கண்ணாடியின் குரல் வந்தது. "நெட்ட, எனக்கு ஒண்ணுமே தெரியல. கண்ணாடியெல்லாம் ஆவி அடிச்சிடுச்சு."

"கழட்டித் தொடைடா."

"தொடச்சேன். மறுபடி அடிக்குது."

திமிங்கிலம் பாடியபடியே பள்ளத்துக்குள் இறங்கியது. வாலின் கடைசி வெளிச்சப் புள்ளி மறைந்ததும் திரை வெளுத்தது. "நன்றி" என்று ஒரு சொல். பிறகு அதுவும் போயிற்று.

யாரும் அழவில்லை. மிளகுக்குப் பசித்தது. அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள்.

அப்பா வந்தபோது சட்டையெல்லாம் எண்ணெய். ஹெல்மெட் விளக்கைக் கழற்றி, பேட்டரியை எடுத்து நெட்டையின் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்த அம்மாவ எறக்கிட்டேன். மேலேர்ந்து இந்த விளக்குத் தெரிஞ்சதும்தான் அழுகைய நிறுத்தினாங்க. உன் கடல் என்னாச்சு?"

"மூடிட்டாங்கப்பா."

"ஆனா பெருசு அதுக்கு முன்னாடியே வெளிய போயிடுச்சு" என்றாள் மிளகு, ரொட்டியை மென்றபடி. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நெட்டை நாற்காலியில் ஏறவில்லை, எட்டியே சுவர்க் கடிகாரத்தை எடுத்தாள். பேட்டரியைப் போட்டாள். டிக் டிக் என்று அது பிழைத்துக்கொண்டது. சரியான நேரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கும்போது அறை விளக்கு பட்டென்று அணைந்தது.

"கரண்ட் போச்சா?" என்றார் அப்பா.

இல்லை. சுவிட்சுக்குக் கீழே ஸ்டூல் போட்டு மிளகு நின்றிருந்தாள். இறங்கி ஓடிவந்து, திறந்த ஜன்னலுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வெளியே வானம் கறுத்து, கறுப்புக்குள் ஒரு நீலம் மெல்லத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"என்னடி பண்ற?"

"ஷ்! விளக்கு எரிஞ்சா அது வராது."

நெட்டை கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை தங்கையைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. தானே கொஞ்சம் தள்ளி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடம் விட்டாள்.